பெங்களூரில் கிடந்த எங்கள் எண்ணெய் வேலி

கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்ள எங்களைப் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். பெங்களூரில் கடல் கிடையாது என்பது ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரியும். கூப்பிட்டவர்களுக்கும் தெரியும். கம்பெனியின் தலைமை ஆபீஸ் அங்கேதான் இருக்கிறது, அதனால் பயிற்சியும் அங்கேதான் என்றார்கள்.

எங்கள் குப்பம் சென்னைக்கு வடக்கே, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் அந்தக் கம்பெனியின் கப்பல் துறை. கப்பலிலிருந்து குழாய் வழியாகக் கரி எண்ணெய் இறக்குவார்கள். போன மழைக்காலத்தில் அந்தக் குழாய் விட்டுப்போய், ஏற்றத் தண்ணீரோடு எண்ணெய் உள்ளே வந்து, இறால் திட்டு முழுக்கத் தார் போட்டது மாதிரி ஆகிவிட்டது. பக்கெட்டிலும் சொம்பிலும் வாரினோம். கம்பெனியில் கேட்டால், "தண்ணி மேல மிதக்கிற வேலி ஒண்ணு இருக்கு, எண்ணெய உள்ள வராம தடுக்கும், வந்துகிட்டே இருக்கு" என்றார்கள். எண்ணெய் காய்ந்து சேற்றோடு சேறாகிற வரைக்கும் அது வந்துகொண்டேதான் இருந்தது.

அதற்கப்புறம் நாங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அந்த வேலியை எங்கள் வலைக் கொட்டகையில் வையுங்கள், அடுத்த தடவை நாங்களே இழுத்துக் கட்டிக்கொள்கிறோம். அவர்கள் சொன்ன நிபந்தனையும் ஒன்றுதான். ஊரிலிருந்து இரண்டு பேர் பயிற்சி எடுத்தால் வேலி ஊருக்கு வரும். மழைக்காலம் தொடங்குவதற்குள் வேலி வந்தாக வேண்டும், ஏனென்றால் திரும்பவும் கப்பல் வரப்போகிறது. அதற்காகத்தான் நானும் அண்ணியும் கிளம்பினோம்.

அண்ணி கஸ்தூரி கையால் இறால் தடவுகிறவள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் இரண்டு கையையும் விட்டு இறாலைத் தேடிப் பிடிக்கிற வேலை. எண்ணெய் வந்த பிறகு அவள் முழங்கை வரை தோல் வெடித்து உரிந்தது. ஊர்க்கூட்டத்தில் அவளைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். என்னை அனுப்பியதற்குக் காரணம், எதையும் நாலு தடவை சரிபார்க்கிறவன் என்பதாம். பயந்தாங்கொள்ளி என்பதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

விடிகாலையில் பெங்களூரில் இறங்கியபோது குளிர் எலும்புக்குள் போனது. பையின் வாரை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தேன். ரயிலில் தூங்கவில்லை. வேறு ஊரில் இறங்கிவிடுவோமோ என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப்பார்த்ததில் கண் எரிந்தது. பிரேசர் டவுனில் ஒரு விடுதியில் தங்க ஏற்பாடு. அங்கே முதல் தகராறு, அண்ணி கொண்டுவந்த கருவாட்டு மூட்டையால். ரூம் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத வெளிய வைங்க ஆண்ட்டி, மத்த ரூம்காரங்க சண்டைக்கு வருவாங்க" என்றான். அண்ணி, "உங்க ஊரு சாம்பார்ல வெல்லத்த போட்டுகிறீங்களே, அதுக்கு நான் சண்டைக்கு வந்தேனா" என்றாள். கடைசியில் விடுதிச் சமையல்காரர் கருவாட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, பதிலுக்கு எங்களுக்கு மட்டும் மிளகாய்ச் சட்னி அரைத்துக் கொடுத்தார்.

முதல் நாள் ஓய்வு என்று சொல்லிவிட்டார்கள். யார் ஓய்வு கேட்டது? இரண்டு பேரும் தெருவில் நடந்தோம். பத்தடிக்கு ஒரு தமிழ்க் குரல். ஒரு பாட்டு கன்னடத்தில் ஓடும், அதற்குப் பக்கத்துக் கடையில் உருதுவில் பேரம் நடக்கும், திட்டுவது மட்டும் தமிழில். மீன் கடையைப் பார்த்ததும் அண்ணியின் கால் நின்றுவிட்டது. செவுளைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள்.

"எந்த ஊரு மீனுப்பா?"

"மெட்ராஸ் சரக்குதான்கா. நேத்து சாயங்காலம் ஐஸ்ல ஏத்தனாங்க, காலைல வந்திருச்சு."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா தனபாலு. நம்ம மீனு ஒரே ராவுல இங்க வந்துடுது. வேலி மட்டும் ஒரு வருஷமா வந்துகினே கீது."

அன்று முழுக்க அந்த வார்த்தை என் மண்டைக்குள் குடைந்தது.

மறுநாள் காலையில், அனுப்புகிறோம் என்று சொன்ன கம்பெனி கார் வரவில்லை. ஆபீஸ் ஹெப்பகோடிப் பக்கம், ஓசூர் ரோட்டில். பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்று விடுதிக்குப் போன் வந்தது. பஸ் பலகையில் ஊர் பெயர் மட்டுமல்ல, நம்பரும் கன்னடத்தில். மூன்று பஸ்ஸைப் பயத்திலேயே விட்டேன். அண்ணி நான்காவதில் என்னைப் பிடித்துத் தள்ளி ஏற்றினாள். கண்டக்டரிடம் இறங்க வேண்டிய இடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர், "தெரியும் ஸ்வாமி, எத்தனை வாட்டி சொல்லுவே, உக்காரு" என்றார். அப்படியும் மறந்துவிட்டார். அத்திபெலேயில்தான் இறக்கிவிட்டார். அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு.

"இன்னும் கொஞ்சம் ஒக்காந்தா ஊரே போய்ச் சேர்ந்திருப்போம்" என்றாள் அண்ணி.

டீக்கடையில் லாரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் பெங்களூருக்குச் சரக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பும்போது வண்டி காலியாகப் போகக் கூடாதே என்று லோடுக்குக் காத்திருக்கிறவர்கள். அதில் ஒருத்தர் கிருஷ்ணகிரிக்காரர், கோவிந்தன். நாங்கள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து, "ஹெப்பகோடியா? அது தாண்டிட்டீங்களே. நான் அந்தப் பக்கம் டயர் பாக்கப் போறேன், ஏறுங்கண்ணா" என்றார். போகிற வழியில், "உங்க கம்பெனில மெட்ராஸுக்கு லோடு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க" என்று டீக்கடை போன் நம்பரை எழுதிக்கொடுத்து, ஆபீஸ் வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

அந்த ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி. வெளியே இருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரிகிறது. வாசலில் காவல்காரர் அண்ணியின் பையைத் திறந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சமாக எடுத்துவைத்திருந்த கருவாட்டுப் பொட்டலத்தை மோந்துபார்த்து, "ஏன்ரீ இது?" என்ன இது என்று கன்னடத்தில் கேட்டுப் பின்னால் நகர்ந்தார். லிஃப்டில் ஏற எனக்குத் தைரியம் இல்லை. படியேறி மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு பாதி முடிந்திருந்தது.

சொல்லிக்கொடுத்தவர் ஆல்பர்ட் சார். பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், விஷயம் தெரிந்தவர். வேலியைப் படத்தில் காட்டினார். மேலே மிதவை, கீழே தண்ணீருக்குள் தொங்கும் துணி, துணியின் ஓரத்தில் கனத்துக்குச் சங்கிலி.

"இந்தத் துணிக்குப் பேரு ஸ்கர்ட்டும்மா. பாவாடை."

"பாவாட கட்டிகினு ஒரு வருஷமா எங்க சார் சுத்திகினு கீது அது?" என்றாள் அண்ணி. வகுப்பில் இருந்த கம்பெனி ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆல்பர்ட் சார் மட்டும் சிரிக்கவில்லை, அடுத்த படத்துக்குப் போனார்.

ஓடுகிற தண்ணீரில் வேலியைக் குறுக்கே நேராகக் கட்டக் கூடாது, எண்ணெய் பாவாடைக்கு அடியில் நுழைந்துவிடும், சாய்வாகக் கட்டி ஒரு கரைக்கு ஒதுக்க வேண்டும் என்றார். அங்கே வாரி எடுக்க ஆள் நிற்க வேண்டும். பிறகு சோப்பு மாதிரி ஒரு மருந்து. தெளித்தால் எண்ணெய் பொடிப்பொடியாகி மேலே தெரியாமல் போய்விடுமாம்.

"மேல தெரியாது. அப்ப எங்க போவும்?"

"கீழ கலந்துடும்மா. ஆழமான கடல்னா பரவாயில்ல. உங்க முகத்துவாரத்துல அதத் தெளிக்கவே கூடாது. யாராவது தெளிக்க வந்தா விடாதீங்க."

அண்ணி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். போன வருஷம் கம்பெனிப் படகு ஒன்று எதையோ தெளித்துக்கொண்டு போனதை நாங்கள் இரண்டு பேருமே பார்த்திருந்தோம். வாசனை நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அங்கேயே தலை சூடாகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. வரிசையாகப் பாத்திரம் வைத்து, மேலே பூவெல்லாம் வெட்டிவைத்த சாப்பாடு. எதிரில் வந்தவரெல்லாம் "ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பாடு ஆனதா என்று விசாரித்தார்கள். நல்ல மனுஷர்கள்தான். அந்த நல்ல மனுஷர்களில் ஒருத்தர் ஒரு போன் போட்டிருந்தால் வேலி வந்திருக்கும்.

சாயங்காலம் ஆல்பர்ட் சார் தவித்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஏரியில் ஒத்திகை, வேலியை ஏற்றிப்போக இருந்த வண்டி பழுது. நான் கோவிந்தனைப் பற்றிச் சொன்னேன். அத்திபெலே டீக்கடைக்குப் போன் போட்டு அவரையே பிடித்தார்கள். ஒத்திகை முடிந்ததும் வேலியை ஹெப்பகோடி குடோனில் இறக்கிவிட்டு, அவர் பாட்டுக்கு மெட்ராஸ் போய்விடலாம் என்று பேச்சு.

ஏரி என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஃபாக்டரித் தண்ணீர் கலந்து, ஓரமெல்லாம் நுரை கட்டி, நடுவில் ஆகாயத்தாமரை. சாக்கடை நாற்றம். கரையில் பந்தல், நாற்காலி, போட்டோக்காரர். மேனேஜர் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். எண்ணெய்க்குப் பதிலாக மூட்டை மூட்டையாகப் பாப்கார்ன். மிதக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை, உலகத்தில் பல இடத்தில் இப்படித்தான் பழகுகிறார்கள் என்று ஆல்பர்ட் சார் விளக்கினார்.

அண்ணி ஏரியையும் பாப்கார்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் சார், இங்கயே நெசமா அவ்ளோ கெடக்குதே. அத்த வாரிப் பழகக் கூடாதா?"

போட்டோக்காரர் அவளைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார். எழுந்து நின்று கேட்க வேண்டும் போல எனக்கும் இருந்தது. வாய் வரவில்லை.

இரண்டு படகுகள் வேலியை இழுத்துப்போயின. பாப்கார்னைக் கொட்டினார்கள். ஆடாத அசையாத தண்ணீரில் அது கொட்டிய இடத்திலேயே நின்றது. வேலி வளைத்துக்கொண்டு வருவதற்குள், எங்கிருந்தோ ஒரு வாத்துக் கூட்டம் வந்து இறங்கியது. பின்னாலேயே காக்கா. கரையில் இருந்தவர்கள் சூ சூ என்று கை தட்டினார்கள். வாத்துக்கு அது கைதட்டல் மாதிரியே கேட்டிருக்கும். வேலி வந்து சேர்ந்தபோது வார ஒன்றும் மிச்சமில்லை. மேனேஜர் மைக்கில் ஆங்கிலத்தில் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள். என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"கொட்டினது மொத்தத்தையும் அகற்றிட்டோம், பயிற்சி முழு வெற்றின்னு சொல்றார்."

"எங்க ஊரு வாத்து எண்ணெயத் தின்னா செத்துப்பூடும்னு அவராண்ட சொல்லும்மா" என்றாள் அண்ணி.

வேலியைக் கரைக்கு இழுத்து மடித்து லாரியில் ஏற்றும்போதுதான் நான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். ஆரஞ்சுத் துணியில் கறுப்பு எழுத்து. என் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆங்கிலம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். திரும்பக் கூட்டினேன். சந்தேகப்பட்டு மூன்றாவது தடவையும் கூட்டினேன். எங்கள் ஊர் பெயர். எங்கள் முகத்துவாரத்துக்கென்று வாங்கிப் பெயர் எழுதின வேலி, ஒரு வருஷமாகப் பெங்களூரில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மேனேஜரிடம் போனேன். "சார், இது எங்களுது. பயிற்சி முடிஞ்சிருச்சு. குடுத்துடுங்க."

அவர் தமிழில்தான் பதில் சொன்னார், பொறுமையாக, தோளில் கை வைத்து. "கட்டாயம் வரும்பா. ஆனா உங்க ஊர்ல உப்புக் காத்து, வெயில். துணி கெட்டுப்போயிடும், கொக்கியெல்லாம் துருப்பிடிச்சிடும். இங்க குடோன்ல பத்திரமா இருக்கும். தேவைப்பட்டா ஒரு போன் பண்ணுங்க, அனுப்பிடுவோம்."

கடலில் போடுவதற்கென்று செய்த பொருளைக் கடல் காற்று கெடுத்துவிடுமாம். இதைச் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போனார். அந்தக் கை வைத்த தோள் எனக்கு ராத்திரி வரை எரிந்தது.

திரும்பிப் பார்த்தால் அண்ணி லாரியில் ஏறி, மடித்த வேலிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடனே புரிந்தது. எங்கள் குப்பத்தில் ஒரு வலைக்குத் தகராறு வந்தால், தன்னுடையது என்கிறவன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவான். பஞ்சாயத்து பேசி முடிகிற வரை இறங்க மாட்டான். ஆள் உட்கார்ந்திருக்கிற வலையை இழுக்க யாருக்கும் கை வராது. இழுத்தால், இழுத்தவன் குடும்பத்தோடு யாரும் தண்ணீர் கூடப் புழங்க மாட்டார்கள். நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போலீஸ் வரும், அடி விழும், ஊருக்குப் போக முடியாது என்று எல்லாம் தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. பெங்களூரில் அதற்கு அர்த்தம் யாருக்கும் தெரியாது. ஏற்றுக்கூலிக்காரர்கள் எங்களுக்குக் காலை நீட்ட இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். கோவிந்தன், "காத்தோட்டமா இருக்கும்னு மேல ஏறிட்டீங்களாக்கும்" என்றார். ஆல்பர்ட் சார் கீழே இருந்து, "கெட்டியா பிடிச்சுக்குங்கம்மா, ரோடு மோசம்" என்றார்.

"சார், நாங்க இத்த உட மாட்டோம்னு ஒக்காந்துகிறோம்" என்று அண்ணி அங்கிருந்தே கத்தினாள். "வலைமேல ஒக்காந்தா வலை எங்களுது. இத்த எறக்கணும்னா எங்களத் தூக்கிப் போட்டுட்டு எறக்கு."

ஆல்பர்ட் சார் எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முன்னால் ஏறிக்கொண்டார்.

ஹெப்பகோடி போய்ச் சேர்ந்தால் குடோன் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஆல்பர்ட் சார் செல்போனில் மேனேஜரைப் பிடித்துப் பேசினார். அந்தப் பக்கக் குரல் எரிச்சலாகக் கேட்டது. பேசிவிட்டு வந்து, "காலைல பாத்துக்கலாம், அதுவரைக்கும் லாரியிலேயே இருக்கட்டும்ங்கிறார்" என்றார்.

கோவிந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் ஆகாது சார். நான் இன்னைக்கே மெட்ராஸ் கிளம்பணும். இங்கயே எறக்கிப் போட்டுட்டுப் போறேன்."

"மேல ஆள் உக்காந்திருக்காங்களே, எப்படி இறக்குவே?" என்றார் ஆல்பர்ட் சார். குடோன் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "லாரியில இருக்கட்டும்னார். லாரி இங்கதான் நிக்கணும்னு சொல்லல."

கோவிந்தன் அவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "உங்க ஊரு மெட்ராஸுக்கு அந்தாண்டதானே? வாடகை கம்பெனி குடுத்திருச்சு. எனக்கு வழிதான்."

"நான் டீ குடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஆல்பர்ட் சார் ரோட்டைத் தாண்டி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதுவும் என் கவலைகளில் ஒன்று.

அத்திபெலே சோதனைச் சாவடிக்கு லாரி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அதிகாரி ஒருத்தர் டார்ச் அடித்து மடிப்பைக் குத்திப் பார்த்தார். பாப்கார்ன் நாலு கீழே விழுந்தது.

"என்னம்மா இது?"

"வலை சார்."

"வலையா? வலைய எதுக்கு பெங்களூருக்குக் கொண்டாந்தீங்க?"

"அதத்தான் சார் நாங்களும் கேட்டுகினு கீறோம்" என்றாள் அண்ணி.

அவர் சிரித்துவிட்டார். கை காட்டி விட்டுவிட்டார்.

ஊரில் வேலியை விரித்துக் கழுவினோம். மடிப்புக்குள் ஆகாயத்தாமரை வேரும் அந்த ஏரியின் நாற்றமும் வந்தது. நங்கூரமும் கயிறும் குடோனிலேயே தங்கிவிட்டன. எங்கள் நங்கூரத்தையும் எங்கள் கயிற்றையும் கட்டினோம். ஆல்பர்ட் சார் சொன்னபடி சாய்வாக விட்டுப் பார்த்தோம். முதல் ஏற்றத்தில் பாவாடை தூக்கிக்கொண்டது, கயிற்றை மாற்றிக் கட்டினோம். இந்த வேகத்தில் நிற்குமா என்று எனக்கு இன்னும் பயம்தான். நின்றாலும் நிற்காவிட்டாலும் அது இங்கே இருக்கிறது.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. வேலியைத் திருடிவிட்டோம் என்றார்கள். பிறகு குரல் மாறி, அடுத்த மாதம் பெங்களூரில் இன்னொரு ஒத்திகை, பெரிய ஆட்கள் வருகிறார்கள், அதற்கு மட்டும் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கப்பலும் அடுத்த மாதம்தான் வருகிறது. அதை நான் சொன்னேன். அது வேற டிபார்ட்மெண்ட் என்றார்கள்.

அன்றிலிருந்து வலைக் கொட்டகையில் மடித்துவைத்த வேலிமேல், முறை போட்டுக்கொண்டு, யாராவது ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறோம். இதை நான் எழுதுவதும் அதன்மேல் உட்கார்ந்துதான். அடுத்த முறை அண்ணிக்கு. அவள் இன்னும் திட்டில்தான் இருக்கிறாள், கழுத்தளவு தண்ணீரில், வாயில் பறியோடு. ரோட்டில் கம்பெனி ஜீப் வருகிற சத்தம் கேட்கிறது. எழுத்து கோணுகிறது. வருகிறவர்கள் பெங்களூர்க்காரர்கள் இல்லை, துறையில் வேலை பார்க்கிற எங்கள் பக்கத்து ஆட்கள். வேலிமேல் ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று இவர்களுக்குத் தெரியும்.